படிக்கட்டுக் காட்சி

பாளையங்கோட்டை, 1926

ஆகஸ்ட் 7, சனி

கடைசியில் நானும் சினிமா பார்த்துவிட்டேன். அத்தான்தான் கூட்டிக்கொண்டு போனார். "தபீத்தாளுக்குன்னே கண்டுபிடிச்ச வேடிக்கை இது. காதே வேண்டாம்லா" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா வரவில்லை என்றாள். நேற்றுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டதாம். அத்தான் விடவில்லை. மூன்று பேருமாகப் போனோம்.

மைதானத்தில் போட்டிருக்கும் டெண்ட் கொட்டகை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் தட்டி. இரண்டு வாரமாக இதே படம், கூட்டம் குறையவில்லை. நியூயார்க் பட்டணத்தில் முன்னூறு நாள் மேடையில் நடந்த நாடகத்தைப் படமாக எடுத்திருக்கிறார்கள் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. படத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை மேல் சிங்காரவேலு என்பவர் நின்று தகரக் குழாயில் கதை சொல்கிறார். குழாய் வாயை மறைத்துவிடுவதால் அவர் சொல்வது எனக்குத் தெரியாது. வேண்டியதும் இல்லை. இங்கிலீஷ் எழுத்து திரையிலேயே வருகிறது.

ஐந்நூறு பேர் இருப்பார்கள். படத்தில் இருப்பவர்கள் பேசுவது அதில் ஒருவருக்கும் கேட்கவில்லை! ஒன்பது வயதில் காய்ச்சலில் காது போன பிறகு இப்படி ஒரு கூட்டத்தில் நான் உட்கார்ந்ததே கிடையாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எங்கள் செவிடர் பள்ளிக்கூடத்து மிஸ் ஹார்டிங் எட்டு வருஷம் என்னை எதிரே உட்காரவைத்துத் தமிழும் இங்கிலீஷும் உதட்டைப் பார்த்தே படிக்கப் பழக்கினார்கள். அந்தப் படிப்பு இப்படி உதவும் என்று அவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். படத்தில் கதாநாயகன் முழங்காலிட்டுக் காதல் சொல்கிறான். திரையில் "என் உயிரே" என்று எழுத்து வருகிறது. அவன் வாயோ, "பசி தாங்கலை, இவங்க எப்போ விடுவாங்க?" என்கிறது. நான் தனியாகச் சிரித்தேன். அக்கா தொடையில் கிள்ளினாள்.

கதை இதுதான். ஹென்றி என்கிற கப்பல் கேப்டன், ஒரு கடிதத்தைத் தப்பாக நினைத்துக்கொண்டு மனைவி மேரியன் மேல் சந்தேகப்படுகிறான். மாடியிலிருந்து அவளை இழுத்துவந்து படிக்கட்டில் தள்ளுகிறான். பிறகு உண்மை தெரிந்து அழுகிறான். அவள் மன்னிக்கிறாள். படிக்கட்டுக் காட்சிக்குத்தான் எல்லாரும் வருகிறார்களாம். அவள் விழுந்ததும் விசில் அடித்தார்கள், வாயில் விரல் வைத்திருந்ததைப் பார்த்தேன். விழுந்து கிடந்தபடி அவள் ஏதோ சொன்னாள். அது என்னவோ போல இருந்தது. சரியாகப் பிடிக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது அத்தான் லாந்தரைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பேசினார். எனக்காக எப்போதும் அப்படிச் செய்வார், வேறு யாருக்கும் அது தோன்றாது. "பாத்தியா ஞானப்பூ, விழுந்தாக்கூட என்ன அழகா விழுதா" என்று அக்காவைச் சீண்டினார். வழியில் அல்வா வாங்கித் தந்தார்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

அக்கா ஆராதனைக்குக் கோயிலுக்கு வரவில்லை. அத்தான் பாட்டுக்குழுவின் முன்னால் நின்று பாடினார். எனக்குக் கேட்காது, ஆனால் அவர் பாடும்போது கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்தாலே போதும். போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இப்படி ஒரு குரலா என்று எல்லாரும் சொல்வார்கள்.

சமையல் நான்தான். மீன் குழம்பு உப்புக் கரித்தது.

படத்தில் விழுந்த பெண் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. முதல் வார்த்தையில் மேல்பல் கீழுதட்டைத் தொட்டது. இங்கிலீஷ் எஃப் எழுத்துக்கு அப்படித்தான், தமிழில் அந்த எழுத்து கிடையாது. "ஹென்றி" என்று சொல்லும்போது பல் உதட்டைத் தொடாது. அப்படியானால் அவள் யாரைக் கூப்பிட்டாள்?

ஆகஸ்ட் 10, செவ்வாய்

இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அத்தானிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "அக்காவையும் கூட்டிட்டுப் போ" என்றார். அவருக்கு ஆபீஸில் வேலை. இந்தத் தடவை மூன்றாவது வரிசையில் மணலில் உட்கார்ந்தோம்.

என்னால் இதை வரிசையாக எழுத முடிகிறதா பார்க்கிறேன். அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

விழுந்தவுடன்: "பிராங்க், நில்லு."

கேப்டன் வேஷக்காரன் குனிந்து மறுபடியும் அவள் கையைப் பிடித்து இழுக்கிறான். அப்போது: "என் கால். கால் போயிட்டுது. நடிக்கலை, சத்தியமா. அவங்களை நிறுத்தச் சொல்லு."

திரையில் அந்த நேரத்தில் வரும் எழுத்து: "நாதா, நான் குற்றமற்றவள்!"

அவன் இன்னும் மூன்று படி இழுக்கிறான். முகம் பக்கவாட்டில் தெரிகிறது. கோபமாகத்தான் வைத்திருக்கிறான், ஆனால் வாய் மட்டும், "பேசாதே. இன்னும் சுத்திக்கிட்டிருக்கான்" என்கிறது. யார் சுற்றுகிறான், எதைச் சுற்றுகிறான், தெரியவில்லை.

பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாய் திறந்தபடி இருக்கிறது. அது பேச்சு இல்லை. அந்த வாயை எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் என் தையல் வகுப்புப் பிள்ளைகள் கையில் ஊசி ஏறினால் அப்படித்தான் திறப்பார்கள்.

கொட்டகை முழுவதும் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன நடிப்பு!" என்றாள்.

நான் தவறாகப் படித்திருக்கலாம். பல்லி என்றாலும் மல்லி என்றாலும் எனக்கு ஒரே வாய்தான். ஆனால் பிராங்க் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆகஸ்ட் 11, புதன்

மிஸ் ஹார்டிங்கிடம் சொன்னேன். முதலில் நான் கொட்டகைக்குப் போனதற்கு ஒரு பாட்டம் திட்டினார்கள். பிறகு, "அவர்கள் நடிப்பவர்கள், தபீத்தாள். வலி போல நடிப்பதுதான் அவர்கள் தொழில்" என்றார்கள்.

"நடிக்கிறவள் எதற்கு அவன் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்?" என்றேன்.

"எத்தனையோ மைலுக்கு அப்பால், எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் நடந்தது. உன்னால் என்ன செய்ய முடியும்?" என்றார்கள். அது உண்மைதான்.

வீட்டில் சிம்னி விளக்கின் கண்ணாடி உடைந்துபோனது. அக்கா உள்ளங்கையில் துணி சுற்றியிருக்கிறாள். பூனை தட்டிவிட்டதாம். என் அறைக்கும் அக்கா, அத்தான் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 12, வியாழன்

எத்தனை மணிக்கு என்று எனக்கு இப்போது தெரியும். ஏழேகாலுக்கு. தினம் ஏழேகாலுக்கு அவள் கால் உடைகிறது.

ஆகஸ்ட் 13, வெள்ளி

அரை நாள் லீவு. கொட்டகைக்குப் போய்ச் சிங்காரவேலுவைப் பார்த்தேன். தனியாகப் போகக்கூடாது என்று அக்காவும் கூடவந்தாள். பகலில் கொட்டகை வேறு மாதிரி இருக்கிறது. மணலில் கடலைத் தோல், நடுவில் ஒரு நாய். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வெற்றிலை போட்ட வாய், படிப்பதற்குச் சுகமான வாய்.

படத்தில் அவள் சொன்னதை எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கொடுத்தேன். எனக்குக் காது கேட்காது, உதட்டைப் படிப்பேன் என்று அக்கா எடுத்துச் சொன்னாள். அவர் நம்பவில்லை. எழுந்து போய்ப் பத்தடி தள்ளி நின்று சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார்.

"மதுரையில எனக்கு ரெண்டு பொண்ணு. மூத்தவளுக்குப் போன மாசம் வளைகாப்பு" என்று நான் திருப்பிச் சொன்னேன்.

உட்கார்ந்துவிட்டார். காகிதத்தை மறுபடியும் படித்தார். என் பக்கம் முகத்தைத் திருப்பி நிதானமாகப் பேசினார்.

"அம்மா, நான் இருபத்திரண்டு வருஷம் நாடகத்துல பொம்பளை வேஷம் கட்டினவன். மேடையில நான் விழாத நாளே இல்லை. விழறதைத்தான் முதல்ல கத்துக்குடுப்பாங்க. தோளைக் குடுத்து, இடுப்பைத் திருப்பி, கடைசியில காலை விடணும். அடியில வைக்கோல் மெத்தை. ஏன்னா நாளைக்கும் நான் விழணும். நாளன்னைக்கும் விழணும். என் காலு போச்சுன்னா நாடகம் போச்சு. நாடக வாத்தியாருக்கு என் மேல அக்கறை இருக்கோ இல்லையோ, என் காலு மேல அக்கறை இருக்கும்."

திரைப் பக்கம் கையைக் காட்டினார்.

"படத்துக்கு அப்படி இல்லை. ஒரு தடவை விழுந்தாப் போதும்."

பிறகு பெட்டியைத் திறந்து கதைச் சுருக்கத்தை எடுத்தார். நாடகத்துக்கு அச்சடித்தது, படத்தோடு கம்பெனி அனுப்பியதாம். கடைசிப் பக்கத்தைக் காட்டினார். மேரியன் அதே படிக்கட்டில் மெல்ல இறங்கிவந்து கணவனை மன்னிக்கிறாள் என்று போட்டிருந்தது.

"படத்துல இறங்கி வர்றாளா?" என்று கேட்டார்.

வரவில்லை. சால்வையை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். படிக்கட்டுக் காட்சிக்குப் பிறகு படத்தில் அவள் ஒரு அடிகூட நடக்கவில்லை. இது எனக்குத் தோன்றவேயில்லை.

"தினமும் யோசிப்பேன், எதுக்கு இப்படி மாத்தினாங்கன்னு" என்றார்.

சுற்றிக்கொண்டிருக்கிறான் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் வலது கையால் காற்றில் ஒரு கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிக் காட்டினார். "படம் புடிக்கிற பெட்டி, அம்மா. கைப்பிடியைச் சுத்தினாத்தான் ஓடும். ஒருத்தன் நின்னு பாத்துக்கிட்டே சுத்தியிருக்கான்."

தட்டியைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அக்கா மணலில் உட்கார்ந்திருக்கிறாள். நின்றபடி இருந்தவள் எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

நாளைக்கு அந்த இடத்தில் வழக்கமான வசனத்தைச் சொல்லப்போவதில்லை, அவள் சொன்னதையே சொல்கிறேன் என்றார் சிங்காரவேலு. காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

இரவு ரசமும் அப்பளமும்.

ஆகஸ்ட் 14, சனி

எப்படியாவது இன்றே எழுதிவிட வேண்டும்.

அத்தானும் வந்தார். சனிக்கிழமை, நல்ல கூட்டம். அவர் ஆண்கள் பக்கம் போய்விட்டார், நானும் அக்காவும் இந்தப் பக்கம். ஏழேகால் ஆயிற்று. கேப்டன் அவளை இழுத்து வந்தான். அவள் விழுந்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை, சிங்காரவேலுவைப் பார்த்தேன். குழாயைக் கீழே வைத்துவிட்டார். வெறும் வாயால் பேசினார், ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்தது. "பிராங்க், நில்லு. என் காலு போச்சு. நான் நடிக்கலை. அவங்களை நிறுத்தச் சொல்லு." அவர் கன்னம் நனைந்திருந்தது.

கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். கொட்டகை அமைதியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். யாராவது எழுந்து நிற்பார்கள் என்று நினைத்தேன்.

சிரித்தார்கள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். என் பக்கத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு குழந்தை மற்றவர்களைப் பார்த்துத் தானும் சிரித்தது. பபூன் வேலை காட்டுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். தட்டிக்கு மேலே அத்தான் முகம் தெரிந்தது, அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே திரையில் அவளை இன்னும் மூன்று படி இழுத்தான்.

அக்கா எழுந்தாள். வரிசையில் இருந்தவர்களை மிதித்துக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் காஸ் லைட் எரிந்துகொண்டிருந்தது. அக்கா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் நிறுத்தி, தன் முகத்தையும் அங்கே கொண்டுவந்தாள்.

"நான் கெணத்தடியில விழல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எந்தக் கிணற்றடி என்று கேட்டேன்.

"எந்தக் கெணத்தடியிலயும் விழல. பூனையும் ஒண்ணும் தட்டல. நம்ம வீட்டுக்குப் பூனையே வராதுளா."

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகத் தெரிந்தது. அதில் பல்லியும் இல்லை மல்லியும் இல்லை.

"கல்யாணம் ஆன ரெண்டாம் மாசத்துலேருந்து" என்றாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி? நீ எங்க போவ? அப்பாட்ட சொல்லுவ, அப்பா ஒன்னயக் கூட்டிட்டுப் போயிருவாரு. பெறகு நான் தனியாலா இருக்கணும்."

என்னை வீட்டில் வைத்துக்கொள்ள அத்தான் உடனே சம்மதித்ததை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதைத்தான் அப்போது அக்காவிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அத்தானுக்கு என் மேல் அவ்வளவு பிரியம் இருந்ததே என்றேன்.

அக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

"ஒன்னய வச்சுக்கிடட்டுமான்னு நான் கேட்டப்ப, அவரு சொன்னது இதான். ‘தாராளமா இருக்கட்டும். அவளுக்குத்தான் ஒண்ணும் கேக்காதே.’"

மூன்று வருஷம். ஒரே சுவர்.

கொட்டகைக்குள்ளே படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முடிய அரைமணி இருந்தது. என் கால் பள்ளிக்கூடத்து ரோட்டில் திரும்பியது, அவளும் வந்தாள். அரை மைல். அவளால் வேகமாக நடக்க முடியவில்லை. அடிபட்டது இடுப்பில் இல்லை, விலாவில் என்று அப்போதுதான் சொன்னாள்.

மிஸ் ஹார்டிங் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்துவந்து கதவைத் திறந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், அக்கா நிற்கும் விதத்தைப் பார்த்தார்கள். கதவை முழுதாகத் திறந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

டாக்டரம்மா வந்து பார்த்தார்கள். இரண்டு விலா எலும்பு பழைய முறிவு, தானாகக் கோணலாகக் கூடியிருக்கிறது. ஒன்று புதிது. அக்காவை மார்பைச் சுற்றிக் கட்டிப் படுக்கவைத்திருக்கிறார்கள்.

தையல் வகுப்புக்குப் பாவாடை வெட்டினேன். பதினொன்று வெட்டிவிட்டேன். பதினொன்றும் ஒரே அளவு. பிள்ளைகளுக்கு வேறு வேறு அளவு வேண்டும்.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

அத்தான் ஆபீஸில் இருக்கும் நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்து ஆயாவுடன் போய் அக்காவின் துணிமணியை எடுத்துவந்தேன். வீடு துப்புரவாக இருந்தது. சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவிக் கவிழ்த்திருந்தார். அதைப் பார்த்ததும் ஏனோ பயமாக இருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது பக்கத்து வீட்டுச் செல்லக்கனியம்மாள் வாசலுக்கு வந்தாள். அவளுக்கு என்னிடம் பேசும் பழக்கம் இல்லை. இன்று என் முன்னால் வந்து நின்று வாயை அகலமாக அசைத்தாள்.

"போயிட்டாளா? நல்லதாப் போச்சு. இந்த மூணு ராத்திரிதான் நாங்க நிம்மதியாத் தூங்குனோம்."

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். என் குரல் பெரிதாக வந்திருக்க வேண்டும், அவள் பின்னால் நகர்ந்தாள்.

"என்னளா இப்படிக் கேக்க? அந்தச் சத்தம் தெரு முக்கு வரைக்குமுல்லா கேக்கும். எங்க வீட்டுல கதவைச் சாத்திக்கிடுவோம். எதுத்த வீட்டுலயும் சாத்திக்கிடுவாங்க."

"யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை மறக்காது.

"நீ உள்ளேயேதான இருக்க. நீயே பேசாம இருக்கியே, நாங்க எப்படிக் கேக்குறதுன்னு இருந்தோம்" என்றாள்.

ஆயா பெட்டியை வாங்கிக்கொண்டாள். தெருவில் நடந்து வந்தோம். இரண்டு பக்கமும் வீடு. எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள். கிறிஸ்மஸுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறவர்கள். அத்தனை வீட்டுக்கும் கேட்டிருக்கிறது. தெருவிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19, வியாழன்

அப்பா எங்கள் ஊரான நாசரேத்திலிருந்து வந்தார். அத்தான்தான் கடிதம் எழுதியிருக்கிறார். ஞானப்பூ கோபித்துக்கொண்டு போய்விட்டாள், தபீத்தாள் சினிமாவுக்குப் போய்ப் புத்தி கெட்டு அவளையும் கெடுத்துவிட்டாள் என்று. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அப்பா நாற்பது வருஷம் சபையில் உபதேசியாராக இருந்தவர். எத்தனையோ வீட்டுச் சண்டையைச் சமாதானம் செய்து வைத்தவர். "பொறுத்துப் போகணும் மக்கா" என்று அக்காவிடம் ஆரம்பித்தார். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். அப்பா என் பக்கம் திரும்பி, "நீ என்ன பாத்த?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. அதுதான் உண்மை. அமெரிக்காவில் யாரோ ஒருத்தி கால் உடைந்ததைப் பார்த்தேன், ஐந்நூறு பேர் முன்னால் அதைச் சொல்லவைத்தேன். என் சொந்த அக்காவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு சாட்சி இல்லை.

டாக்டரம்மாவின் சீட்டை மிஸ் ஹார்டிங் எடுத்துவந்து அப்பாவிடம் கொடுத்தார்கள். செல்லக்கனியம்மாள் சொன்னதை நான் சொன்னேன், கதவைச் சாத்திக்கொள்வார்களாம் என்று.

அப்பா எழுந்து வெளியே போனார். கிணற்று மேடையில் உட்கார்ந்தார். சாப்பாடு எடுத்துப் போனேன், தொடவில்லை. சாயங்காலம்தான் பேசினார்.

"எட்டு மாப்பிள்ளை பாத்தேன். இவன் பாடுனதைக் கேட்டுத்தான் இவனுக்குக் குடுத்தேன்" என்றார்.

அப்பா ஊருக்குத் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்து வாச்மேன் வீட்டில் படுத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 20, வெள்ளி

சிங்காரவேலு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தனுப்பியிருக்கிறார். கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள், தென்காசிக்குப் போகிறார்களாம். சனிக்கிழமை நடந்ததற்கு முதலாளி கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார். அதன் பிறகு அந்த இடம் வந்தால் குழாயை வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறாராம். "ஜனங்கள் குழாய் ரிப்பேர் என்று நினைக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

பாவாடை பதினொன்றையும் பிள்ளைகள் அளவுக்கு மறுபடியும் வெட்டிச் சரிசெய்தேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

இன்று ஆராதனை முடிந்தபிறகு எங்கள் சபையின் பாதிரி ஐயர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கூடவே அத்தான். வெள்ளைக் கோட்டு, கையில் பூப்போட்ட துணியில் கட்டிய பலகாரம். மிஸ் இரண்டு பேரையும் வராந்தாவில் உட்காரவைத்தார்கள். அக்கா மெல்ல நடந்துவந்து சுவரோரம் நின்றாள். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எல்லார் முகமும் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டேன்.

அத்தான் அழுதார். நிஜமாகவே அழுதார். "தப்பு பண்ணிட்டேன் ஞானப்பூ. நீ இல்லாம வீடு வீடா இல்ல. எல்லாரும் கேக்காங்க. பாட்டுக்குழுவுல முகம் காட்ட முடியல" என்றார். என் பக்கமும் திரும்பி, எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்து, "தபீ, நீயாவது அக்காவுக்குச் சொல்லு" என்றார். நான் அவர் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு ஐயர் பேசினார். ஊரிலேயே படிப்பதற்குச் சுலபமான வாய் அவருடையது. பத்து வருஷமாக ஞாயிறுதோறும் அந்த வாயைப் பார்த்துத்தான் நான் பிரசங்கம் கேட்கிறேன். மன்னிப்பைப் பற்றிச் சொன்னார். குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்றார். ஒரு தடவை கோபத்தில் கை நீண்டுவிட்டதை வைத்து வீட்டை உடைத்துவிடக் கூடாது, அவன் மனம் திரும்பி வந்திருக்கிறான், நீ இறங்கி வர வேண்டும் என்றார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கட்டுப் போட்டிருப்பதால் மூச்சு மேலோட்டமாகத்தான் விட முடிகிறது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள்.

"ஐயா, ஒரு தடவைன்னு சொன்னீங்க."

ஐயர் தலையசைத்தார்.

"உங்க வீடு எங்க வீட்டுலேருந்து மூணாவது வீடு. ராத்திரி ஜன்னலோரம்தான் உக்காந்து படிப்பீங்க. வெளக்கு தெரியும்." அக்கா மூச்சு வாங்கினாள். "உங்களுக்குக் கேட்டுதா, ஐயா?"

அப்பா தூணை விட்டு நிமிர்ந்தார். மிஸ் ஹார்டிங் ஐயரைப் பார்த்தார்கள். அத்தான் பலகார மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஐயரின் உதட்டைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். வராந்தாவில் நல்ல வெளிச்சம் இருந்தது. அது அசையவே இல்லை.